மழையில் அழிந்த மஞ்சள் கோடு

மான்டனா
1987 அக்டோபர் 15, வியாழன்

அன்புள்ள ஓரின்,

உன் முதுகுத் தையல் ஆறி வருவதாக ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். ஃபோனிலேயே பேசியிருக்கலாம். என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை கன்றுகளைத் தாய்களிடமிருந்து பிரித்தேன். அறுபத்திரண்டு. வேலிக்கு இந்தப் பக்கம் அவை, அந்தப் பக்கம் தாய்கள். ஓயாத கதறல். தீவனத்தில் வாய் வைக்கவில்லை. தாது உப்பையும் நக்கவில்லை.

கால்நடை டாக்டர் வந்தார். நம் புல்லில் செலினியம் சத்து குறைவு, இப்படி மிரண்டு பட்டினி கிடக்கும் கன்று லாரியில் ஏறினால் காய்ச்சலில் விழும், ஊசியாகவே போட்டுவிடு என்றார். "ஒரு தடவைதான் லோர்னா. ரெண்டாவது போட்டா அதுவே விஷம்."

நேற்று போட்டோம். பக்கத்துப் பண்ணை ஹார்லன் ஒவ்வொன்றாகக் கூண்டில் அடைத்தார். "ஏம்மா, ஊசி போடுறியா, கோட்டு தைக்கிறியா? பொழுது சாயுது" என்று கிண்டல். கன்றின் காதில் தொங்கும் வில்லையின் எண்ணைக் குறித்துக்கொள் என்றும் சொன்னார். "ஓரினுக்கு என்னிக்கும் சாக்கட்டிதான்" என்றேன். ஊசி போட்டதன் முதுகில் மஞ்சள் கோடு. உன் வழக்கம்.

முப்பதைத் தாண்டியதும் மழை. கொட்டகைக்குள் ஒதுங்கினோம். ஊசி போட்டவை நடுக்கதவை முட்டித் திறந்து மற்றவற்றோடு கலந்துவிட்டன. மழை விட்டபோது ஒரு முதுகிலும் கோடு இல்லை.

"போதும், விட்டுடு" என்றார் ஹார்லன். சனிக்கிழமை விற்பனைக்கு லாரி. விட்டால் பாதிக்கு ஊசியே இல்லை. எனக்கு முகம் தெரியும் என்று சொல்லி மீதிக்கும் போட்டேன்.

தெரியவில்லை, ஓரின். எல்லாம் கறுப்பு.

இன்று காலை இரண்டு செத்துக் கிடந்தன. ஒன்று, மார்ச் பனியில் நீ சமையலறைக்குத் தூக்கி வந்தது. காது நுனி பனியில் உதிர்ந்ததே, அது. அதன் முகமாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் ஐந்து மூச்சுத் திணறி நிற்கின்றன. இரண்டாவது ஊசிக்கு மாற்று மருந்து கிடையாதாம். டாக்டர் திட்டவில்லை. விரட்டாதே, மிரளவிடாதே, காத்திரு என்றார். அவ்வளவுதான்.

லாரி வேண்டாம் என்றுவிட்டேன். பிறகு வேலிக் கதவைத் திறந்துவிட்டேன். ஹார்லன் தொப்பியைத் தரையில் அடித்தார். "மூணு நாள் எவனும் தூங்கல, எல்லாம் தண்டமா!"

கதறல் நின்றுவிட்டது. ஐந்தில் நான்கு தாயை ஒட்டிப் படுத்திருக்கின்றன. ஐந்தாவது நின்றபடியே இருக்கிறது. தாய் அதன் முதுகை நக்கிக்கொண்டிருக்கிறது, கோடு இருந்திருக்க வேண்டிய இடத்தை.

கோபத்தை வீட்டுக்கே எடுத்து வா. இங்கே வைத்துத் திட்டு.

அதுவரை ஒன்று செய். நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தால், ஏற்கெனவே கொடுத்தாயிற்றா என்று கேள். ஆள் மாறும் நேரத்தில் கட்டாயம் கேள். கூச்சப்படாதே. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்.

மையால் எழுது.

உன்
லோர்னா