அழிக்க முடியாத பூஜ்யம்

அப்பா,

கோபம் ஆறாவிட்டாலும் இதைக் கிழிக்காமல் படியுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் குழுவின் தரவு ஆய்வை வகுப்பில் நான்தான் விளக்க வேண்டும். விடுதி மாணவர்கள் வாரத்தில் எத்தனை முறை வீட்டோடு பேசுகிறார்கள் என்பது தலைப்பு. பெயர் கேட்காமல் எல்லோரிடமும் பதில் வாங்கினோம். ஒருவர் மட்டும் பூஜ்யம் என்று போட்டிருந்தார்.

“யாரோ வெளையாட்டுக்குப் போட்டிருக்காங்க. சராசரியையே கெடுக்குது, தூக்கிடுடி,” என்றாள் குழுத் தோழி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அழிக்கத்தான் கை வரவில்லை.

“ஒத்தப் பூஜ்யத்தக் கட்டிக்கிட்டு ஏன்டி அழறே?” என்கிறாள்.

உங்கள் பேச்சை மீறி இங்கே வந்து சேர்ந்தது தப்பாகவே இருக்கட்டும். திட்டுவதற்காகவாவது ஒருமுறை கூப்பிடுங்கள் அப்பா. வெள்ளிக்கிழமைக்குள் அதை ஒன்று என்று நானே திருத்திவிடுகிறேன்.

உங்கள் சின்னவள்