எந்த நாட்டுக் கிளி

ஜூன் 9, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. வெயில் இல்லாமல் வெடிச் சரக்கு காயவில்லை என்று சிவகாசி பஸ்ஸில் இரண்டு பேர் புலம்பல். ஆமத்தூர் தாண்டியதும் தூங்கிவிட்டேன். டிபன் பாக்ஸில் இன்றும் பக்ரீத் கறி.

இந்த கேம் வேலை என்னவென்று அம்மா நேற்றுக் கேட்டபோது சொல்ல வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன். வெளிநாட்டில் ஒரு கம்பெனி, போனில் விளையாடும் கேம் செய்கிறது. அதில் பட்டாசு வெடிக்கும். பட்டாசுப் பெட்டிகளுக்கு அசல் சிவகாசி லேபிள் மாதிரி படம் வேண்டும் என்று எங்கள் அச்சாபீஸைக் கேட்டிருக்கிறது. காகிதம் கிடையாது, திரையில் மட்டும். எல்லா நாட்டுக்காரருக்கும் பிடிக்க வேண்டும். இதில் கடைசி வரிதான் எனக்கே புரியவில்லை.

சரவெடிக்கு ஒரு கிளி வரைந்து அனுப்பியிருந்தேன். அந்தக் கம்பெனியில் நம்மோடு பேசுகிற லீனா (இனி லீ.) இன்று பதில் போட்டிருக்கிறாள். நாட்டுக்கு ஒரு ஆளை வைத்துக் காட்டினார்களாம்:

ஜப்பான் - கிளி கோபமாக இருக்கிறது.
பிரேசில் - எங்கள் கொடி நிறம், வேண்டுமென்றே செய்ததா?
போலந்து - இது பூச்சி மருந்தா?
சவுதி - நன்று. ஆனால் கண் கூசுகிறது.
மெக்சிகோ - சத்தம் கேட்கிறது.

நாட்டுக்கு ஒரு ஆள். அந்த ஒருவர் சொன்னால் அந்த நாடே சொன்ன மாதிரி. விருதுநகருக்கு ஒரு ஆள் என்று என்னைப் பெற்ற அத்தாவைப் பிடித்துக் கேட்டால், எங்க ஊருக்குப் படமே வேண்டாம் என்று முடித்துவிடுவார். சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

லீ. மெயிலை முதலாளி அண்ணாச்சிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"சத்தம் கேக்குதுன்னா குத்தமா பாராட்டா?"

"தெரியலை அண்ணாச்சி."

"ஏம்மா, வெடிக் கட்டு சத்தம் போடாம பின்ன தாலாட்டா பாடும்?"

பிறகு குரல் மாறிவிட்டது. "அவுக கேக்குற மாதிரி மாத்திக் குடுத்துரும்மா. இந்த ஆர்டர் நின்னுச்சுன்னா கம்ப்யூட்டர் படமெல்லாம் நமக்குச் சரிப்படாதுன்னு வுட்ருவேன். அடுத்த வருசக் காலண்டருக்கு மாதிரி ஆல்பம் போடுற வேலை வேற தலைக்கு மேல கெடக்கு."

விட்டால் நான் திரும்பவும் பட்டாசு விலைப்பட்டியலுக்குப் பக்கம் கோர்க்கப் போக வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. கேமின் முடிவில் ஒவ்வொரு படமும், அதன் கீழே வரைந்தவர் பெயரும் ஓடும் என்று லீ. முதல் மெயிலிலேயே சொல்லியிருந்தாள். எத்தனை வருடம், எத்தனை லேபிள். ஒன்றிலாவது ஷமீம் என்று என் பெயர் இருக்கிறதா? பிரிக்கும்போதே கிழிந்து, வெடித்து, மறுநாள் குப்பை. எனக்கு அந்தப் பெயர் வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

வாங்க வேண்டியது: செருப்பு, அம்மாவின் பி.பி. மாத்திரை, தலைவலித் தைலம்.

ஜூன் 11, புதன்

கோபம் போக கிளியின் புருவத்தைத் தூக்கினேன். இப்போது திருடனைப் பார்த்த கிளி. கொடி நிறம் போக மஞ்சளை எடுத்து ஆரஞ்சு போட்டேன். மஞ்சள் போனதும் பச்சை இருண்டது. பச்சையை ஏற்றினேன். பூச்சி மருந்து இன்னும் நன்றாகவே தெரிகிறது.

ஒருவருக்காக ஒன்றைத் தொட்டால் இன்னொருவருக்கு அது கெடும். ஐந்து பேரும் ஒரே கிளியைத்தான் பார்த்தார்களா?

பக்கத்து சீட் செல்வி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பேசாம ஒரு பூவ வச்சுரு அக்கா. பூவ யாரு வேண்டாங்கப் போறா?" பூ பற்றி லீ. ஏற்கெனவே அனுப்பியிருக்கிறாள். எந்தப் பூ எந்த ஊரில் சாவுக்கு வைப்பது என்று இரண்டு பக்கம்.

வீட்டில் அத்தா என்னைப் பார்த்து, "ஏத்தா, மொகம் வாடிக் கெடக்கு?" என்றார். மல்லி வத்தல் கமிஷன் கடையிலிருந்து வந்தவர் மேல் நெடி. எனக்குத் தும்மல். அதையே சாக்காக வைத்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 12, வியாழன்

தூறல், பத்து நிமிடம். கரண்ட் போய் வந்தது.

எரிச்சலில் பழைய கிளியை லேபிள் பேப்பரில் ஒரு பிரின்ட் போட்டேன். சும்மா, கையில் பிடித்துப் பார்க்க. காகிதத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. கோபம் இல்லை, கூச்சல் இல்லை. அதே படம் போனில் கத்துகிறது.

கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. நம் மலிவு லேபிள் பேப்பர் மையைக் குடிக்கும். குடித்தது போக மிச்சம்தான் கண்ணுக்கு வரும். அதனால் எந்த நிறத்தையும் ஒரு படி ஏற்றித்தான் வைப்போம். நான்கு கலரை ஒன்றன் மேல் ஒன்றாக அடிக்கும்போது கொஞ்சம் விலகினால் மறைக்கட்டும் என்று கறுப்புக் கோட்டையும் தடிமனாகப் போடுவோம். கை தானாகச் செய்கிறது. திரை எதையும் குடிக்காது, விலகவும் விலகாது. இல்லாத பேப்பருக்கு ஏற்றி வைத்திருக்கிறேன். சிவகாசியில் வேலை பழகியவளைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

அப்படியானால் ஐந்து நாட்டுக் குறையும் ஒரே குறைதானா? இருக்கலாம். கொடி நிறம் மட்டும் கணக்கில் வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பழைய கிளியை எடுத்து எல்லா நிறத்தையும் இறக்கினேன். கோட்டை மெலிதாக்கினேன். அனுப்பிவிட்டேன்.

நல்ல கிளி. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்திருக்கிறது. செல்வியிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்தத் 'தான்' பிடிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. லீ. பதில். ஐந்து பேரும் சரி என்றார்கள். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. மெக்சிகோ ஆள் மட்டும், முன்பு அனுப்பியது என்ன ஆயிற்று என்று கேட்டாராம். என் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள்.

அண்ணாச்சி ஆபீஸ் முழுக்கப் பால்கோவா கொடுத்தார். படத்தைக் காட்டினேன். "இது எந்த ஊருக் கிளிம்மா?" என்று கேட்டுவிட்டு, "சரி, அவுகளுக்குப் பிடிச்சாச் சரி" என்று போய்விட்டார்.

சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். இல்லை. பெயரை அடித்தேன், அழித்தேன். இந்தக் கிளியின் கீழா? கத்துகிற கிளிதான் நான் போட்டது. ஆனால் அது தப்பாகப் போட்டது. தப்பாக வந்ததை எப்படி என்னுடையது என்று சொல்லிக்கொள்வது? புரியவில்லை.

மாலையில் லீ.க்கு எழுதிவிட்டேன். பழைய கிளியும் ஒரே ஒரு பெட்டியிலாவது இருக்கட்டும், கேமிலேயே பெரிய சத்தம் போடும் வெடிக்கு. பெயரை அதன் கீழே போடுங்கள். இல்லையென்றால் பெயரே வேண்டாம்.

ஜூன் 17, செவ்வாய்

லீ. பதில் ஒரு வரிதான். போடலாம், ஆனால் அது எந்த நாட்டு ரசிகருக்கு, யாரிடம் காட்டிச் சரிபார்த்தீர்கள்?

தமிழ்நாடு என்று எழுதினால், யாரிடம் காட்டியதாகச் சொல்ல? அண்ணாச்சியா, செல்வியா?

எங்கள் வீட்டுச் சுவரில் உருவப் படம் கிடையாது; மார்க்கத்தில் ஆகாது என்பார் அத்தா. கம்பெனிக் காலண்டரைக் கொண்டுவந்தால் அத்தா மேல் அட்டையை வெட்டிவிட்டுத் தேதிக் கட்டை மட்டும் மாட்டுவார். பிஸ்கட் டப்பாவில் குழந்தைப் படம் இருந்தாலும் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். நான் போட்ட ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. நானும் காட்டியதில்லை.

மக்ரிப் தொழுகை முடித்து வந்து டீக்கு உட்கார்ந்தார். போனை நீட்டினேன். பழைய கிளி.

"நீ போட்டதா?"

"ஆமாத்தா."

கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். டீ ஆடை கட்டிவிட்டது.

"வாய மூடாது போலயே இது."

அவ்வளவுதான். பிடித்ததா என்று நான் கேட்கவில்லை. போனைக் கவிழ்த்து வைக்காமல், படம் மேலே தெரியும்படியே மேஜையில் வைத்துவிட்டு டீயை எடுத்தார்.

லீ.க்கு எழுதினேன்: விருதுநகர். ஒரு ஆள். பார்த்துவிட்டார்.