அம்மா துடைத்து வைத்த அறை

அண்ணா,

இன்று பின்னேரம் சொக்கலேட் ஒன்றை உரித்தேன். வெள்ளித்தாள் சரசரத்ததும் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். கசக்கி உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டேன். இப்படி ஒரு தாளில் வைத்துத்தானே நீ அந்தப் போதைத்தூளை லைட்டரால் சூடாக்குவாய்.

அதன் பிறகு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வாவிக்கரைவரை நடக்கிறேன், திரும்பி வருகிறேன். நேற்று அம்மா கேட்டது விடமாட்டேன் என்கிறது.

"நீ உதுகளப் பத்தி வாசிக்கிறாய்தானே புள்ள. ஒண்டு சொல்லு. என்ட கையால திண்ட நண்டுக்கறிய விட அந்தத் தூள் அவனுக்குப் பெரிசாப் போச்சா?"

மண்டூரில் பெரியம்மா வீட்டில் நீ தூளை விட்டுத் தேறியிருந்த மாதங்கள் நினைவுக்கு வந்தன. வயல் வட்டையில் பெரியப்பாவோடு வேலை செய்துவிட்டுக் கறுத்துப்போய், பசியோடு வருவாய்.

"பானையையும் திண்டிருவான் போல கிடக்கு."

"கழுவுற வேலை மிச்சம்தானே பெரியம்மா."

முருகனுக்கு வைத்த நேர்த்தி பலித்துவிட்டது என்று அம்மா உன்னை வீட்டுக்கு அழைத்து வந்தார். உன் அறையைத் திறந்து காட்டினார். அதே மூலையில் அதே பாய். சன்னல் விளிம்பில் உன் லைட்டர், தூசு துடைத்தபடி. கடி தாங்காமல் நுளம்புத்திரி கொளுத்தத்தான் அதை வைத்திருந்தாய் என்று அவர் நம்பியிருந்தார்.

"உன்ட சாமான் ஒண்டையும் நான் இடத்த விட்டு அரக்கல்ல மனே."

நீ சிரித்தாய். ஆனால் வாசலில் சற்று நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாய். அந்தக் கிழமை முடியுமுன்பே மறுபடி தூளைத் தொட்டு, அந்தப் பாயிலேயே இறந்து கிடந்தாய்.

அம்மாவுக்குப் பாதியைச் சொன்னேன். மூளையின் உயிரணுக்களில் எல்லா மரபணுக்களும் எந்நேரமும் வேலை செய்வதில்லை. நல்ல சாப்பாடும் அன்பும் சிலவற்றைக் கொஞ்ச நேரம் எழுப்பி, அடங்க விடுகின்றன. தூளும் அதே இடத்தைத்தான் தொடுகிறது, ஆனால் முரட்டுத்தனமாக, திரும்பத் திரும்ப. உங்கள் கறி தோற்கவில்லை அம்மா, போட்டியே நேர்மையானதில்லை என்றேன்.

"அப்ப அவன் எங்கள வெறுக்கல்ல?"

"இல்லம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே சீலைத் தலைப்போடு உன் அறையைத் தூசு தட்டப் போனார்.

மறுபாதியைச் சொல்லவில்லை. தூள் உடம்பை விட்டுப் போன பிறகும் அந்த மாற்றங்களில் சில தங்கிவிடுமாம். பழைய இடமும் பழைய பொருளும் போதுமாம், அடங்கிய ஆசை மறுபடி எழும்ப. பெரும்பாலும் எலிகளில் கண்டவை இவை. அவற்றை உன்மேல் பொருத்திப் பார்க்க எனக்கு என்ன உரிமை? பொருத்தாமல் இருக்கவும் முடியவில்லை. வேறு பாய், வேறு வீடு என்றிருந்தால் நீ இருந்திருப்பாயா? தெரியாது அண்ணா. அந்தக் கேள்வி அம்மாவிடம் போய்விடக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

லைட்டரை நான் எடுத்துவிட்டேன். என் கைப்பையின் அடியில் கிடக்கிறது. அம்மா தேடினால், நுளம்புத்திரி கொளுத்த எடுத்தேன் என்று சொல்லிக்கொள்வேன்.