நடந்து காட்டிய கால்

அன்புக்கும் அவசரத்துக்கும் மகாராணியான என் மருமகளுக்கு,

மாமன் எழுதுவது. நான் நலம். உன் அம்மாவும் நலம் என்று நீ நம்பிக்கொண்டிருப்பதால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் அக்காவுக்குப் பாம்புக் காது. அடுத்த ஊரில் நின்று நான் முணுமுணுத்தாலும் இங்கிருந்தே அதட்டுவாள்.

அவள் கால் உனக்கு நினைவிருக்கும். தையல் ஆலையில் துணி வெட்டும் மேசை முன் நின்று நின்று, முனை குறுகிய கம்பெனி ஷூவுக்குள் பெருவிரல் சாய்ந்து, அதன் அடியில் எலும்பு மலையாகப் புடைத்திருந்தது. ஏறிக் கொடி நட ஆள் வராததுதான் பாக்கி. அந்த ஷூவில் நின்றுதான் உன்னைப் படிக்க வைத்தாள்.

டாக்டரைத் தேடிப் பிடித்தது நீதான். “கிழிக்கவே மாட்டாங்க மாமா, சின்னச் சின்ன ஓட்டைதான், அன்னிக்கே நடந்துடலாம்” என்றாய். டாக்டரும் கடுகளவு ஓட்டைகள் வழியே எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்க்ரூ முடுக்கினார். பிரம்மனே எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. அன்றே நடந்தாள், நான் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த தட்டையான கட்டை ஷூவில், கழிவறை வரைக்கும். ஆறு வாரத்துக்கு அந்த ஷூ இல்லாமல் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். ஓட்டை சின்னது என்றதும் உனக்குக் காரியமும் சின்னதாகிவிட்டது. உன் விடுப்பு முடிகிறது, கைக்குழந்தைக்கு ஆள் வேண்டும். அடுத்த மாதம் அங்கே வர அவளுக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டாய்.

போன ஞாயிறு வீடியோவில், “எங்க, நடந்து காட்டும்மா” என்று கேட்டாய். கட்டை ஷூவோடு வந்தால் நீ கவலைப்படுவாயாம். கட்டுக்கு மேலேயே பழைய செருப்பைத் திணித்துக்கொண்டு பட்டத்து யானை மாதிரி கூடத்தைச் சுற்றி வந்தாள். நீ கைதட்டினாய். படத்தில் விழாத கை சுவரைப் பிடித்திருந்தது.

மறுநாள் கால் பூசணிக்காயாக வீங்கியது. எக்ஸ்ரேயில் எலும்பு நகர்ந்திருக்கிறது. “இனி ஊன்றினா திரும்ப அறுக்கணும், விமானத்தையெல்லாம் மறந்துடுங்க” என்று டாக்டர் கத்தினார். வெளியே வந்ததும் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “சக்கர நாற்காலில ஏத்தி விடுவாங்கல்ல? அங்க போய் எப்படியாவது நடந்துக்குவேன்.” உன்னிடம் சொன்னால் என் முகத்தில் விழிக்க மாட்டாளாம்.

சொல்லிவிட்டேன். விழிக்காமல் போகட்டும்.

டிக்கெட்டைத் தள்ளிப் போடு. குழந்தைக்கு வேறு ஆள் கிடைக்கும். உனக்குச் சாமர்த்தியம் உண்டு. ஒரு பொய் மட்டும் எனக்காகச் சொல். மாமா எழுதினார் என்று சொல்லாதே. “உன் காலை நெனச்சேன்மா, அதான் தள்ளிப் போட்டேன்” என்று சொல். அவள் நம்பிவிடுவாள். நீயும் குழந்தையும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் தம்பி