அந்த ரெண்டு பேர் மேஜையில் என்னதான் பேசினீர்கள், அம்மா?

என் செல்ல அம்மாவுக்கு, ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து பிலோ எழுதுவது.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. சாந்தோம் வீட்டைப் பூட்டித்தான் வைத்திருக்கிறோம். ஞாயிறு பூசை முடிந்ததும் நான் போய்க் கொஞ்ச நேரம் ஜன்னல்களைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். உன்னிடம் கணக்குப் படித்த ஒருத்தி போன மாதம் தெருவில் நிறுத்தி, "மிஸ் நல்லாருக்காங்களா?" என்று கேட்டாள். "நல்லாருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது உன் எழுபதாவது பிறந்த நாளைப் பற்றி. அன்றைக்கு நீயும் முரளியும் தனியாக ஒரு மேஜையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்களே, அங்கே என்ன பேச்சு நடந்தது என்று எத்தனை தடவை கேட்டேன்? அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தாய், வாயைத் திறக்கவில்லை. என் குணம் உனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விடுகிறது என்று எண்ணுகிறவள் நான். என்னை நாலு வருஷம் இப்படிக் காயவிடலாமா?

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். முரளியை நான் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டேன். தி.நகர் பையன், இந்துக் குடும்பம். அதைக்கூட நீ பொறுத்துக்கொண்டிருப்பாய். நம் பங்குக் கோயிலில், பீடத்துக்கு முன்னால் நின்று நான் தாலி வாங்கிக்கொள்ளவில்லை என்பதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. நீ சண்டை போடவில்லை, வீட்டுக்கு வராதே என்று சொல்லவில்லை. அவனோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

எதிரிலேதான் உட்கார்ந்திருப்பான். "பிலோ, அவருக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பாய். அவன் மட்டும் சளைத்தவனா? "போதும்னு அத்தைகிட்ட சொல்லு" என்பான். ரெண்டு பேர் காதிலும் எல்லாம் விழும். இருந்தாலும் நான் ஒரு தடவை சொன்னால்தான் அது போய்ச் சேர்ந்த கணக்கு. அவனுக்கு ஆகாது என்று மீன் குழம்பில் புளியைக் குறைப்பாய், ஆனால் ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட என் காதுபட அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னை நீ மன்னித்துவிட்டாயா, இல்லையா? நேராகக் கேட்க அப்போதெல்லாம் எனக்குப் பயம். இல்லை என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

அந்தப் பிறந்த நாள் வந்தது ஊரடங்கைத் தளர்த்தி, பாதி நாற்காலிகளோடு ஓட்டல்களைத் திறந்த சமயத்தில். வேண்டாம் என்று நீ சொல்லியும் கேட்காமல், தம்பி சேவியர் நந்தனத்தில் அந்தப் பெரிய ஓட்டலில் ஆறு பேருக்குச் சொல்லிவைத்தான். அவன், நிர்மலா, அவர்களுடைய குழந்தை, நான், முரளி, நீ. கத்தரிப்பூ நிறப் பட்டுப் புடவையும், அதே புடவையின் ரவிக்கைத் துணியில் தைத்த மாஸ்க்குமாக வந்து இறங்கினாய். வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்கள். "நல்ல வரவேற்புடா சேவியர்" என்றாய்.

உள்ளே போனதும்தான் சிக்கல் தெரிந்தது. தலை நரைத்த ஒருவர், கோட்டும் டையும் போட்டுச் சர்வர்களை மேய்க்கிற கேப்டன், முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு மாட்டிக்கொண்டு வந்தார். "மன்னிக்கணும் சார், ஒரு மேஜைக்கு நாலு பேர்தான். உங்களுக்கு நாலு பேர் மேஜை ஒண்ணு, ரெண்டு பேர் மேஜை ஒண்ணு போட்டிருக்கோம்" என்றார். அந்தச் சின்ன மேஜை ஜன்னல் பக்கம் தள்ளி இருந்தது. நடுவில் ஒரு காலி மேஜை, அதன்மேல் இங்கே உட்காராதீர்கள் என்று ஒரு அட்டை.

நானும் முரளியும் அங்கே போவது என்று சேவியர் தீர்மானித்தான். அதுதான் நியாயமும். அதற்குள் நீ விறுவிறுவென்று நடந்துபோய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாய். அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டு, "பிலோ, அவரை இங்க வரச் சொல்லு" என்றாய்.

நான் என் தோளை ஒட்டி நின்றவனிடம், "உன்னை அங்க வரச் சொல்றாங்க" என்றேன். பழக்கம்! நிர்மலா என் கையைக் கிள்ளினாள். முரளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி நடந்தான்.

அந்த ஒன்றரை மணி நேரம் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்காதே. கண் முழுக்க உங்கள் மேஜையில்தான் இருந்தது. ஆர்டர் எடுக்கும்போது மாஸ்க், சாப்பிடும்போது மாஸ்க்கைக் கழற்றி அவர்கள் கொடுத்த காகித உறையில் வைப்பது, கேப்டன் வந்தால் மறுபடி மாட்டுவது. இதில் வாயசைவைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. நடுவில் ஒரு தடவை நீ சிரித்தாய். தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரிய, அப்பா இருந்த காலத்தில் சிரித்த மாதிரி. "சேவியர், அம்மா சிரிக்கிறாங்க" என்றேன். "சாப்பாடு நல்லாருக்கு போல" என்றான் அவன். இவனை எல்லாம் வைத்துக்கொண்டு நான் எப்படித் துப்பறிவது?

கேக் உங்கள் மேஜைக்கு வந்தது. நாங்கள் நாலு பேரும் எங்கள் இடத்திலேயே எழுந்து நின்று, மாஸ்க்குக்குள்ளிருந்து பாடினோம். மெழுகுவத்தியை ஊதக் கூடாது என்றார் கேப்டன். முரளி தன் மாஸ்க் உறையை உன்னிடம் நீட்டினான், நீ அதை விசிறி மாதிரி ஆட்டி அணைத்தாய்.

சரி, எல்லாம் கூடிவந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தோம். முரளி வண்டியை எடுத்தான். "பிலோ, ஏசியைக் கம்மி பண்ணச் சொல்லு" என்றாய் நீ. எனக்கு அங்கேயே இறங்கிவிடலாம் போல் இருந்தது. நீ கண்ணை மூடும் வரைக்கும் அப்படியேதான் போயிற்று. உன்னைக் கேட்டால், "பிறந்த நாள் அன்னிக்கு என்ன பேசுவாங்க?" என்பாய். அவனைக் கேட்டால், "அத்தைகிட்டயே கேளு."

போன வாரம் உன் பிறந்த நாள் வந்தது. நீ இல்லாத முதல் பிறந்த நாள். அதே ஓட்டலுக்குத்தான் போனோம். தகடும் கிடையாது, உறையும் கிடையாது, ஐந்து பேருக்கும் ஒரே வட்ட மேஜை. அந்த ஜன்னல் பக்கம் யாரோ ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். நான் அங்கேயே பார்த்துக்கொண்டு, அன்றைக்கு நீ எப்படிச் சிரித்தாய் என்று ஆயிரமாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சாப்பிடு பிலோ, ஆறிப்போவுது" என்றான் முரளி. "அத்தை இருந்தா திட்டுவாங்க."

என் சாப்பாடு ஆறினால் அம்மா எதற்குத் திட்டுவாள்? பிடித்துக்கொண்டேன். விட்டேனா பார் என்று கேட்டதில், கடைசியில் சொல்லிவிட்டான். அவனை நீ கோபித்துக்கொள்ளாதே.

முதல் ஒரு மணி நேரம் நீங்கள் பேசவே இல்லையாமே! அந்தக் கேப்டனை நடுவில் வைத்துக்கொண்டாயாமே! "சார், அவர் சூப் சாப்பிடுவாரான்னு கேளுங்க" என்றாயாம். அவர் திரும்பி, "சார், சூப் சாப்பிடுவீங்களா?" "காரம் கம்மின்னா சாப்பிடுவேன்னு மேடம்கிட்ட சொல்லுங்க." பாவம் அந்த மனுஷர், இதுவும் ஏதோ புதுக் கொரோனா விதி என்று நினைத்திருப்பார்.

பிறகு அவர் கேக் எடுத்துவர உள்ளே போய்விட்டார். திடீரென்று, வகுப்பில் பெயர் வாசிக்கிற குரலில், "முரளி" என்றாயாம். இவன் பதறிப்போய், "எஸ் மிஸ்" என்றிருக்கிறான். அதற்குத்தான் அந்தச் சிரிப்பா, அம்மா?

அப்புறம் நீ சொன்னதை அவன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "கோபமெல்லாம் ரெண்டாவது வருஷமே போயிடுச்சு. எப்படிப் பேச ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல, வெக்கமா இருக்கு. ஒரே மேஜையில உக்காந்தா பிலோதான் நடுவுல உக்காரணும். நான் சொல்றதை உங்களுக்கும் நீங்க சொல்றதை எனக்கும் சொல்லிச் சொல்லியே அவ தட்டுல சோறு காஞ்சுபோவுது. இன்னிக்கு ஒரு வேளையாவது அவ சூடா சாப்பிடட்டும்னுதான் உங்களை இங்க கூப்பிட்டேன்."

"வீட்லயும் பேசுங்களேன் அத்தை" என்றானாம். "முயற்சி பண்றேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, என்னைக் கேள்வி கேட்டே கொன்னுடுவா" என்றாயாம். காரில் ஏறியதும் உனக்கு மறுபடி கூச்சம் வந்துவிட்டதைப் பார்த்தானாம், விட்டுவிட்டானாம்.

நான் அந்த ஓட்டலிலேயே அழுதுவிட்டேன். கோபமும் வந்தது. ரெண்டாவது வருஷமே என்றால் மற்ற வருஷமெல்லாம் என்ன கணக்கு, மிஸ்? நான் ஒவ்வொரு நாளும் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்தேனே. என் தட்டில் சோறு காய்வது எனக்கே தெரியாது, உனக்கு எப்படித் தெரிந்தது? எந்த நாளில் முதலில் கவனித்தாய்? அதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். அப்பாவுக்குப் பக்கத்தில் இந்த வருஷம் உனக்கும் சேர்த்துப் பூ வாங்க வேண்டும். முரளியும் வருகிறேன் என்கிறான். பூவையும் மெழுகுவத்தியையும் அவன் கையில் கொடுத்துவிட்டு நான் வாசலிலேயே நின்றுகொள்கிறேன். உனக்குக் கூச்சமாக இருந்தால் அவனே முதலில் ஆரம்பிப்பான். எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன். அவன் வெளியே வந்ததும், என்ன பேசினீர்கள் என்று கேட்கவே மாட்டேன், சத்தியம்.

முரளியின் மனைவியும்
உன் மகளுமான
பிலோ