நீங்கள் தூக்கிப் பிடித்த புத்தகம்

இஞ்சாருங்கோ,

கல்யாணம் முடித்த நாளிலிருந்து உங்களை வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் வேறு ஒரு சொல்லைத் தேட எனக்குச் சக்தியில்லை. உங்கள் நினைவு மலரில் போன இரண்டு வருடமும் மகள் ஜெசிந்தாதான் எழுதினாள். நான் பிழை திருத்திக் கொடுத்தேன். மூன்றாம் ஆண்டுக்கு நானே எழுதுகிறேன் என்றபோது அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இரண்டு ஜெசிந்தாக்கள் பார்த்தார்கள் என்பதுதான் சரி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு ஒன்று இரண்டாகத் தெரிகிறது. இரண்டு மாதத்துக்கு முன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று நின்றது. "சோடியா நிக்குது பார்" என்று ஜெசிந்தாவுக்குக் காட்டினேன். "ஒண்டுதானே அம்மா நிக்குது" என்றாள். "நீ கண்ணாடி போடுற வயசு வந்திட்டுது" என்று அவளுக்குச் சொன்னேன். என்னைத் தெரியும்தானே உங்களுக்கு.

பிறகு எட்டு நாள் மறைத்தேன். ஞாயிற்றுப் பூசையில் பீடத்தில் நின்ற குருவானவர் இரண்டு சுவாமிமாராகத் தெரிந்தார். நான் கண்ணை மூடிச் செபிப்பதுபோல இருந்தேன். ஒன்பதாம் நாள் தேத்தண்ணீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன். ஜெசிந்தா மேசையைத் துடைத்துவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண் பிரிவில் பார்த்துவிட்டு, கண்ணில் குறையில்லை, நரம்பு டொக்டரிடம் போங்கோ என்றார்கள். உங்களுக்கும் இதே வார்த்தையைச் சொன்னார்கள், முதல் பாதியை மட்டும். கண்ணில் குறையில்லை.

டொக்டர் கிண்ணியா ஊர்ப் பெண்பிள்ளை. வயது முப்பத்தைந்து இருக்கும். வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் அவசரப்படாதவள்.

"கண்ணிலை வருத்தமில்லையெண்டால் நான் ஏன் இங்கை வந்தனான்?" என்று கேட்டேன்.

"கண் பாக்கும் அம்மா. அதை அங்க இங்க திருப்புறது மூளையும் நரம்பும்தானே. தலையை அசைக்காம என்ட பேனையைப் பாருங்க."

பேனை இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது. மேலே போனது, கீழே வந்தது. இடது பக்கம் போகும்போது என் இடது கண் பாதியில் நின்றுவிடுகிறதாம். ரத்தத்தில் சீனி கூடின வருத்தத்தால் அந்தக் கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் நரம்பு சோர்ந்துவிட்டது. சில மாதத்தில் தானாகத் திரும்பலாம். அதுவரை ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒன்று ஒன்றாகவே தெரியும். கேட்டுவிட்டு எழும்பியிருக்கலாம். ஆனால் காரணம் கேட்காமல் எழும்பிப் பழக்கமில்லை.

"பக்கவாட்டிலைதான் பிழையெண்டால், ஏன் என்னைக் கீழையும் பாக்கச் சொன்னனீங்கள்?"

"எல்லாப் பக்கமும் பாக்கணும் அம்மா. சில பேருக்குக் கீழ மட்டும் பாக்க ஏலா. தூரத்தில உள்ளதெல்லாம் நல்லாத் தெரியும். முன்னால சாப்பாட்டுக் கோப்பையில இருக்கிற சோறு தெரியாது."

எழும்பப் போன நான் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டேன்.

என் கண்ணை விட்டுவிட்டு உங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நடக்கும்போது பின்பக்கமாக விழுவாரா? ஓம். கண் இமைக்கிறது குறைவா? ஓம். படி இறங்கப் பயப்பட்டாரா? ஓம். கண்ணாடி மாற்றினீங்களா? மூன்று தரம். கீழ்ப்பாதியால் வாசிக்கிற கண்ணாடியா? ஓம், பிள்ளை, ஓம்.

"அந்தக் கீழ்ப்பாதிக்குக் கண்ணைக் கொண்டு போகத்தான் அவருக்கு ஏலாம இருந்திருக்கும்" என்றாள். பேனையை மேசையில் வைத்தாள். "நான் அவரைப் பாக்கல்ல. உறுதியாச் சொல்ல ஏலா. ஆனா நீங்க சொல்றதெல்லாம் ஒரு வருத்தத்தோட ஒத்துப்போகுது."

அந்த வருத்தத்துக்கு நீளமான பெயர். என் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதித் தந்தாள். இப்போது பின்னேரங்களில் ஜெசிந்தா வேலையால் வந்து, உடுப்பு மாற்றிய பிறகு, அதைப் பற்றி ஃபோனில் தேடி எனக்கு வாசிக்கிறாள். விளங்காத இடத்தில் திருப்பி வாசிக்கச் சொல்கிறேன். "அம்மா, எனக்குச் சோதினை வைக்கிறீங்களோ?" என்று அலுத்துக்கொள்கிறாள். இல்லை, சோதினை எனக்கு. இந்த வயதில் படிக்கிறேன். படித்து யாருக்கு என்ன பிரயோசனம் என்றும் நினைக்கிறேன். களைப்பாக இருக்கிறது.

படித்தவரையில் இதுதான். மூளையின் நடுத்தண்டில், கண்ணை மேலும் கீழும் அசைக்கும் கட்டளை பிறக்கிற இடம் ஒன்று உண்டு. அந்த இடம் மெல்ல மெல்ல அழிகிறது. கண் நல்ல கண்தான். தசையும் நல்ல தசைதான். தலையைப் பிடித்து ஆட்டினால் கண் தானாக அசையும். கீழே பார் என்று சொன்னால் மட்டும் அசையாது. வேண்டுமென்று செய்கிறதுபோலவே இருக்கும். நடுக்க வருத்தம் என்று நினைத்து மருந்து கொடுப்பார்களாம், கேட்காதாம். உங்களுக்கும் கேட்கவில்லை.

வேண்டுமென்று செய்கிறீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். முப்பது வருடம் துறைமுகத்தில், கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் படகு ஓட்டின மனிதன். கடைசி வருடத்திலும் முன்விறாந்தையில் இருந்து, குடா வாயிலில் தெரிகிற கப்பலைக் காட்டி, வெறுமையாய் வருகிறதா பாரத்தோடு வருகிறதா என்று சொன்னீர்கள். அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் இருக்கிற மீன்துண்டு தெரியாதா? சோற்றின் ஒரு பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு எழும்புவீர்கள். பிறகு சோற்றுக் கோப்பையைக் கையில் எடுத்து, வாய்க்குக் கிட்ட நாடிவரை தூக்கிப் பிடித்துச் சாப்பிடத் தொடங்கினீர்கள். கொன்வென்டில் கன்னியாஸ்திரிகள் எங்களை முதுகில் பிரம்பு வைத்து நிமிர்த்தி மேசையில் இருத்தினவர்கள். நான் பொறுப்பேனா? "கோப்பையை மேசையிலை வையுங்கோ. பார்க்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றேன். வைத்தீர்கள். பிறகு கொஞ்சமாகத்தான் சாப்பிட்டீர்கள்.

டொக்டரிடம் போன கிழமை கேட்டேன்: "அப்பவே தெரிஞ்சிருந்தால் என்ன செய்திருப்பீங்கள்?"

"சுகமாக்க மருந்து இல்ல அம்மா. சொல்லிக் குடுத்திருப்பம். கோப்பையை உயர்த்தி வையுங்க, புத்தகத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடிங்க எண்டு."

ஆஸ்பத்திரிகளில் சொல்லிக் கொடுப்பதை நீங்களாகவே கண்டுபிடித்திருந்தீர்கள். நான் இரண்டையும் நிறுத்தினேன்.

கோப்பையை நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். புத்தகத்தை நிறுத்தியது தெரியாது. இந்த மலரை வாசிக்கிற பங்குமக்களுக்கும் தெரியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கடைசியாக நீங்கள் பூசையில் வேதாகமத்திலிருந்து இரண்டாம் வாசகம் வாசித்த ஞாயிறு. வாசக மேடையில் புத்தகம் விரித்தபடி இருந்தது. நீங்கள் கண்ணாடியைச் சரிசெய்தீர்கள். பிறகு அந்தப் பாரமான புத்தகத்தை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கினீர்கள். உங்கள் முகம் மறைந்துவிட்டது, குரல் மட்டும் வந்தது. பின்வாங்கில் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தீர்கள். நான் அதைக் கேட்கவில்லை, சிரிப்பைத்தான் கேட்டேன். பூசை முடிந்ததும் உங்களை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, பூசை உடுப்பு மாற்றும் அறைக்குப் போய் அப்போதைய பங்குச் சுவாமியிடம் சொன்னேன்.

"இவருக்கு இனி வாசகம் குடுக்க வேண்டாம் சுவாமி. வயசு போட்டுது."

"அவர் விரும்பித்தானே வாசிக்கிறார், அம்மா?"

"நான் சொல்லுறன் சுவாமி."

அடுத்த மாதம் வாசகம் வாசிக்கிறவர்களின் பட்டியலைக் கோயில் கதவில் ஒட்டியிருந்தார்கள். உங்கள் கண் மட்டத்தில். அதை நீங்கள் நின்று, வரி வரியாக, இரண்டு தரம் வாசித்தீர்கள். உங்கள் பெயர் அதில் இல்லை. வீட்டுப் படலையைத் திறக்கும்போது கேட்டீர்கள்: "சுவாமிக்கு என்னிலை என்ன கோவம்?"

அந்த நேரம் நான் சொல்லியிருக்கலாம். படலைக் கொளுக்கியைப் போட்டுவிட்டு, "ஆருக்குத் தெரியும்" என்றேன்.

அதன்பிறகு அந்தச் சுவாமி வீட்டுக்கு நற்கருணை கொண்டுவந்த ஒவ்வொரு முறையும் நீங்கள் வாய் திறந்து வாங்கினீர்கள், கதைக்கவில்லை. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாற்றலாகிப் போகும்போது உங்கள் தோளைத் தொட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார். சாகும்வரை ஒரு நல்ல மனிதரில் நீங்கள் மனத்தாங்கலோடு இருந்தீர்கள். அது என் வேலை. அவருக்குப் போன திங்கட்கிழமை எழுதி அனுப்பிவிட்டேன். உங்களுக்கு எழுதத்தான் இவ்வளவு நாள் எடுத்தது.

மலரில் போடும் படத்தையும் மாற்றியிருக்கிறேன். முதல் வருடம், "கண் முழிச்சுப் பயந்த மாதிரி இருக்கு, கொஞ்சம் சாந்தமாக்கித் தாருங்கோ" என்று ஸ்டூடியோக்காரரிடம் சொல்லி உங்கள் கண்ணையும் திருத்தினேன். இந்த முறை திருத்தாத படம். உங்கள் வருத்தம் அந்தக் கண்ணில் தெரிகிறது. தெரியட்டும்.

எனக்குப் பதில் வராத கேள்விகள் இருக்கின்றன. கீழே பார்க்க முடியவில்லை என்று ஒரு நாளாவது என்னிடம் ஏன் சொல்லவில்லை? உங்களுக்கே அது தெரியவில்லையா? அல்லது சொன்னால் அதையும் திருத்துவாள் என்று நினைத்தீர்களா?

ஆண்டுப் பூசையில் இரண்டாம் வாசகத்தை எனக்குத் தரும்படி புதிய சுவாமியிடம் கேட்டேன். தந்திருக்கிறார். ஒன்று ஒன்றாகத் தெரிய இடது கண்ணாடியில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இத்தனை வருடம் கொண்டை குலையாமல் கோயிலுக்குப் போன நான், அப்படியே எல்லோருக்கும் முன்னால் நிற்பேன். நேற்று வீட்டில் வேதாகமத்தைத் தூக்கி வைத்து வாசித்துப் பார்த்தேன். ஜெசிந்தா குசினியிலிருந்து வந்து நின்றாள்.

"உங்களுக்குக் கீழை பாக்க ஏலும்தானே அம்மா? மேசையிலை வைச்சே வாசிக்கலாமே."

"ஏலும்" என்றேன். "ஆனா தூக்கித்தான் வாசிப்பன்."

அவள் பக்கத்தில் வந்து, என் முழங்கைகளைக் கொஞ்சம் உயர்த்திவிட்டாள். "அப்பா இதைவிட மேலை பிடிச்சவர்" என்றாள்.

புத்தகம் பாரம்தான். இரண்டாம் பந்தியிலேயே கை இறங்கப் பார்த்தது. நீங்கள் எப்படி முழுவதும் பிடித்தீர்கள்? அன்றைக்கும் பின்வாங்கில் பிள்ளைகள் சிரிக்கக்கூடும். சிரித்தால் சிரிக்கட்டும், முடியும்வரை நான் அதை இறக்க மாட்டேன். இது உங்களுக்கு என் சொல்.

உங்களைத் திருத்தித் திருத்தியே களைத்துப்போன
உங்கள் மனைவி,
பிலோமினா