தூரத்தில் நின்று எடுக்க முடியாத படம்

காட்டுக்குப் போனால் வீட்டை மறந்துவிடும் என் அண்ணனுக்கு,

வருகிற பங்குனியோடு நீ போய் ஒரு வருடம் ஆகிறது. திதிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். தேவாரம் ஊரிலிருந்து சித்தப்பாவும் வருவார். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அவரை நினைத்துத்தான்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் உட்கார்ந்தபடி எல்லாருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "அந்த நீளக் கண்ணாடிய அப்பவே வாங்கிக் குடுத்திருந்தா, புள்ள தூரத்துல நின்னு படத்தப் புடிச்சிட்டு வெரசா வீடு வந்து சேந்திருப்பான். காட்டுக்குள்ள கெடந்து காச்சல வாங்கியிருக்க மாட்டான்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அண்ணே. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பேச்சு அப்பாவினுடையதாகிவிட்டது. ஏலக்காய்க் கடைக் கதவைத் திறக்கும்போது கேட்பார். கல்லாவைத் துடைத்துக்கொண்டே கேட்பார். "ஏத்தா, நீ படிச்ச புள்ள. நீ சொல்லு. வாங்கிக் குடுத்திருந்தா அவன் இருந்திருப்பானா?"

நான் என்ன சொல்வது? நீ லென்ஸ் கம்பெனிப் புத்தகத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டிய நாளில் நானும் அங்கேதான் நின்றேன். "தங்கச்சி படிப்பு முடியட்டும்டா. அப்புறம் பாப்போம்" என்றார். உனக்கு முகம் வாடவில்லை. "அதுவுஞ் சரிதான். லென்சு எங்கயும் ஓடிப்போகாது. இவதான் மதுரையில இருந்து ஓடியாந்துருவா" என்று என்னைக் கேலி செய்தாய். விடுதியில் இருக்க முடியாமல் நான் அழுதுகொண்டிருந்த வருடம் அது.

நான் ஓடிவரவில்லை. நம் வீட்டில் யாரும் வாங்காத பட்டத்தை வாங்கினேன். கறுப்பு அங்கியில் என்னை நிறுத்தி உன் ஸ்டுடியோவில் நீயே படம் எடுத்தாய். அப்பா அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் அதன் பின்னால் என் படிப்பைப் பற்றிய இன்னொரு கேள்வி நிற்பது எனக்குத் தெரியும். அதை அவர் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காததுதான் கனமாக இருந்தது.

தை மாதத்தில் சென்னையிலிருந்து ஒரு வக்கீல் கடைக்கு ஏலக்காய் வாங்க வந்தார். மேலே எஸ்டேட்டில் சிநேகிதர் வீட்டில் தங்கப் போகிறவர். தராசுக்கு மேலே மாட்டியிருக்கும் உன் இருவாச்சிப் பறவைப் படத்தைப் பார்த்ததும் ஏலக்காயை மறந்துவிட்டார்.

"இது யார் எடுத்தது?"

"எம் மகன்" என்றார் அப்பா.

"எந்த லென்ஸ்?"

அப்பா என்னைப் பார்த்தார். "கேமராவோட வந்த லென்ஸ்தான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று.

"இருக்காதும்மா. அந்த லென்ஸ்ல இப்படி விழணும்னா பறவை மடியில வந்து உட்காரணும்" என்று சிரித்தார். பிறகு படத்தின் கீழ் ஓரத்தைக் காட்டினார். "இங்க என்ன கறுப்பா? அச்சுப் போடும்போது வெட்டியிருக்கலாமே."

அது என்னவென்று எனக்கும் தெரியவில்லை.

அவர் அகம்பாவம் பிடித்தவர் இல்லை. நீ இறந்ததைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். காரிலிருந்து தன் லென்ஸை எடுத்து வந்து அப்பாவின் கையில் கொடுத்தார். முழங்கை நீளம். நீ ஆசைப்பட்டதும் அப்படி ஒன்றுதானே? அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், அந்தப் பறவ பொந்து இருக்குற மரம் எம் மகளுக்குத் தெரியும். நானும் வர்றேன். இத வச்சுத் தூரத்துல இருந்து எடுக்க முடியுதான்னு எனக்குப் பாக்கணும்."

நீ போன பிறகு அப்பா மலைப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பியதில்லை. அன்று போடிமெட்டு வரைக்கும் ஜீப்பில் அந்த லென்ஸை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

இருவாச்சி போன வருடத்து அதே பொந்தில்தான் இருக்கிறது, அண்ணே. பெண் பறவை உள்ளே போய் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கிறது. ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். நீ எனக்குச் சொன்னதை நான் வக்கீலுக்குச் சொன்னேன்.

அவர் எதிர்மேட்டில் கேமரா முக்காலியை நிறுத்தி லென்ஸை மாட்டினார். கீழே ஏலச்செடிகளுக்குள் பெண்கள் கடைசிப் பறிப்புப் பறித்துக்கொண்டிருந்தார்கள். மனிதச் சத்தம் கேட்டால் பறவை வராது, யாரும் பேசக்கூடாது என்று கங்காணியிடம் சொல்லி அனுப்பினார்.

ராசிங்காபுரத்து மாரியக்கா செடிக்குள்ளிருந்து நிமிர்ந்தாள். "ஏன், இங்க யாரும் செத்தா போயிட்டாக, வாயப் பொத்திக்கிட்டு நிக்க?" என்றவள் அப்பாவைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

சரிவு முழுவதும் அடங்கிப்போயிற்று. பறவை வந்தது. மேடேறும் பஸ் மாதிரி அதன் இறக்கைச் சத்தம் கேட்டது. ஆனால் பொந்துக்கு வராமல் தள்ளியிருந்த மரத்தில் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பறந்துபோயிற்று. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. வக்கீல் என்னையும் லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொன்னார். இலை, அதற்குப் பின்னால் மூடுபனி, பிறகும் இலை. பொந்து இருந்த இடமே தெரியவில்லை.

கீழே செடிகளுக்குள் அசைந்த கூடைகளைப் பார்த்தபோதுதான், உன் படத்தின் ஓரத்துக் கறுப்பு என்னவென்று எனக்குப் புரிந்தது. பறிக்கிற பெண்ணின் இடுப்புக் கூடை. நீ தூரத்தில் ஒளிந்திருக்கவே இல்லை. அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்திருக்கிறாய்.

ஆளை மறைக்கும் செடிகளுக்குள் அவர்கள் எப்போதும் பேசிக்கொண்டும் கூப்பிட்டுக்கொண்டும்தானே இருப்பார்கள்? யானைப் பயம். ஒருத்தியின் குரல் நின்றால் மற்றவள் நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பேச்சைக் கேட்டே பழகிய பறவைக்குத் திடீரென்று சரிவு ஊமையானால் என்ன தோன்றும்?

இதை வக்கீலிடம் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை நீ ஊகித்துக்கொள்.

"சார், அவங்கள பேசச் சொல்லுங்க."

"என்னம்மா?"

"எங்கண்ணன் அவங்களுக்கு நடுவுல உட்காந்துதான் எடுத்திருக்கான். படத்துல அந்தக் கறுப்பு... அது கூடை."

வக்கீல் லென்ஸைக் கழற்றினார். பிறகு முக்காலியைத் தானே தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

"அப்படி வாங்க வழிக்கு!" என்றாள் மாரியக்கா. "எந்தம்பி இந்தா, இந்தப் பாறையிலதான் உக்காந்திருக்கும். 'யக்கா, மாமியா சண்டைய விட்ட எடத்துல இருந்து சொல்லு'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். கண்ணு மட்டும் மரத்து மேல."

மரம் சரிவுக்குக் கீழே நின்றதால், பாறையிலிருந்து பொந்து கண்ணுக்கு நேர் எதிரே இருந்தது. மாரியக்கா விட்ட இடத்திலிருந்து மாமியாரை இழுத்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் பறவை வந்து உட்கார்ந்தது.

வக்கீல் படம் எடுத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார். அந்தக் கேமராவின் மேல்கண்ணாடியில் குனிந்துதான் பறவையைப் பார்க்க வேண்டும். அப்பா கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலக் குனிந்தார். "அய்யா, இமை முடி இருக்கே!" என்றார். நானும் பார்த்தேன். அண்ணே, சிவந்த கண்ணுக்கு மேலே ஒவ்வொரு முடியாக, வரிசையாக இருக்கிறது. உன் படத்தில் அது விழவில்லை.

அப்பா நிமிர்ந்து மெதுவாகக் கேட்டார்: "இத அந்த மேட்டுல இருந்தே எடுத்திருக்க முடியாதா சார்?"

"முடியாதுங்க. வெட்டவெளியா இருந்தா எடுக்கலாம். இந்தச் சோலையில எந்த லென்ஸா இருந்தாலும் இந்தப் பாறைக்குத்தான் வரணும். உங்க மகன்கிட்ட இது இருந்திருந்தா, இதத் தூக்கிக்கிட்டு இங்கதான் வந்து உட்கார்ந்திருப்பார்."

அப்பாவின் முகத்தைப் பார்த்து, ஆறுதலுக்காக அப்படிச் சொன்னாரா? அந்தச் சந்தேகம் எனக்கும் வந்தது. ஆனால் மேட்டிலிருந்து என் கண்ணால் நான் பார்த்தது இலையைத்தானே?

அப்பா பாறையில் உட்கார்ந்துவிட்டார். மாரியக்கா தன் தூக்கிலிருந்து பாலில்லாத கட்டன் சாயா ஊற்றிக் கொடுத்தாள். "குடிங்க அப்பு."

"காச்சலு வந்த அன்னிக்கும் வந்தானா?"

"வந்துச்சு. நாங்கதேன், காச்சலோட வரலாமான்னு வஞ்சு எறக்கி விட்டோம். 'நாளைக்கு வர்றேங்க்கா'ன்னு சிரிச்சுக்கிட்டே போச்சு."

அப்பா அங்கே அழுதார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக.

வக்கீல் படங்களைக் கழுவி ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார். இமை முடி ஒவ்வொன்றும் தெரிகிறது. ஆனால் உன் படத்தில், அலகைவிட்டுப் போன பழம் கீறலைச் சேராமல் நடுவில் நிற்கிறதே, அது தனக்கு ஒரு பிலிம் சுருள் முழுக்க எடுத்தும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். எது நல்ல படம் என்று கடைக்கு வருகிறவர்கள் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் கலந்துகொள்ள மனம் வரவில்லை. அந்த லென்ஸ் ஒன்றுமில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல முடியுமா? அது உன் கைக்கு வந்திருக்க வேண்டும் என்று இப்போதுதான் அதிகமாகத் தோன்றுகிறது.

அப்பாவுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. போன வாரம் கதவைத் திறக்கும்போது கேட்டார்: "ஏத்தா, அந்த இமையப் பாத்திருந்தா அவன் என்ன சொல்லியிருப்பான்?"

"பஜாரையே கூப்பிட்டுக் காட்டியிருப்பான்" என்றேன்.

"மாரியம்மா மாமியாளையும் சேத்து" என்றார் அப்பா. சிரித்தார், அண்ணே.

பந்தி நேரத்தில் நான் எப்போதும் அடுப்படியில் நின்றுவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். இந்தத் திதியில் நிற்க மாட்டேன். சித்தப்பா அந்தப் பேச்சை எடுத்தால், எல்லார் முன்னாலும் வந்து சொல்வேன்: "அந்தக் கண்ணாடி அவனுக்குச் சந்தோசத்தக் குடுத்திருக்கும் சித்தப்பா. உசுரக் குடுத்திருக்காது. எங்கப்பாவ விட்டுருங்க." குரல் நடுங்கினாலும் முழுவதையும் சொல்லி முடிப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
செல்லம்